மகனுக்குத் தெரியாமல் ஒரு புரோகிராம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எந்த ஆன்டி வைரஸ் போடுவது? தமிழில் டைப் செய்வது எப்படி? இந்த இரண்டையும் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்திக் கொள்வார்கள். "பையன் உள்ளே என்ன பார்க்கிறான் என்று அவனுக்குத் தெரியாமல் நாம் பார்க்க வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. நானே ஒரு வீட்டில் அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாடி அறையில் நடந்தது

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் இருக்கிறது. அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருக்கிறோம். மாமாவுக்கு உரக்கடை. கொஞ்சம் நிலம் உண்டு, அதில் மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கடைக் கணக்கிற்கும் ஆகும், மகன் படிப்பிற்கும் ஆகும் என்று மாமா ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினார். ஹாலில் டிவி இருந்ததால் கம்ப்யூட்டர் மாடி அறைக்குப் போனது. அக்கா மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. காலையில் எழுப்பினால் எழுவதில்லை. எரிச்சல், எதிர்த்துப் பேச்சு. சென்னையில் வேலை பார்க்கும் நான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மாமா என்னைக் கடைக்குப் பின்னால் அழைத்துச் சென்றார்.

"மாப்ளே, அவன் என்ன பண்றான்னு எனக்குத் தெரியணும். எனக்குத் தெரியுதுங்கறது அவனுக்குத் தெரியக்கூடாது."

சாப்ட்வேர் இன்ஜினியர் என்ற பெருமை எனக்கும் இருந்தது. பத்து நிமிட வேலை. திரையில் தெரிவதை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை படம் பிடித்து மெயிலில் அனுப்பும் புரோகிராம் ஒன்றை, டெஸ்க்டாப்பில் ஐகான் எதுவும் தெரியாதபடி இன்ஸ்டால் செய்தேன். மாமாவுக்கு மெயில் பார்க்கும் பழக்கம் இல்லை. எனவே படங்கள் எனக்கு வந்தன.

மூன்று வாரம் பார்த்தேன். மாமா பயந்தது போல ஒன்றும் இல்லை. வகுப்பு நண்பர்கள் நான்கு பேருடன் குழுவாகச் சேர்ந்து ஆன்லைன் கேம். இரவு ஒரு மணி, ஒன்றரை மணி வரை. நடுவில் யூடியூப். ஒரு நாள் மட்டும் நண்பன் ஒருவனுக்கு நீளமாக ஒரு மன்னிப்புக் கடிதம் டைப் செய்திருந்தான். அழித்து அழித்து எழுதியது ஐந்து நிமிடத்திற்கு ஒரு படமாக எனக்கு வந்திருந்தது. அதை அவன் கடைசியில் அனுப்பவே இல்லை. நான் மட்டும் படித்திருக்கிறேன்.

நான்காவது வாரம் விண்டோஸில் உள்ள டிபெண்டர் அந்தப் புரோகிராமைக் கண்டுபிடித்துச் சிவப்பு எச்சரிக்கை காட்டியது. பையன் என்ன செய்தான் தெரியுமா? எனக்குத்தான் போன் செய்தான். "மாமா, கம்ப்யூட்டர்ல யாரோ வைரஸ் விட்டுட்டாங்க. நான் பண்றதை எல்லாம் எவனோ பார்க்கிறான். பயமா இருக்கு. நீங்கதான் எடுத்து விடணும்."

அந்த "எவனோ" நான்தான் என்று அவனிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டான். அதன் பிறகு இரண்டு மாதம் என்னுடன் பேசவில்லை. அப்பாவுடனும் தேவைக்கு மேல் பேசவில்லை. இரவில் கண் விழிப்பது மட்டும் நிற்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து அம்மாவின் மொபைல் போனுக்கு மாறியது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு மாதத்தில்தான், இந்த வயதுப் பிள்ளைகளின் மூளை பற்றிப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் என்ன கண்டிருக்கின்றன என்று தேடிப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

ஸ்கேன் சொன்ன செய்தி

மூளை வளர்ச்சி சிறு வயதிலேயே முடிந்துவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கே மூளையின் அளவு பெரியவர்களின் மூளை அளவை நெருங்கிவிடுகிறது என்பதால் அந்த எண்ணம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த பிறகு இது மாறியது. இதில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. காந்தப் புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு படம் எடுக்கிறார்கள். எனவே நோய் இல்லாத ஒரு பிள்ளையைக் கூட சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைத்து, அதே மூளையை மீண்டும் மீண்டும் படம் எடுத்து ஒப்பிட முடிந்தது.

அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வுக் கழகத்தில் ஜே கீட் என்பவரின் குழு இப்படி 145 பேரைப் படம் எடுத்து, 1999-ல் முடிவுகளை வெளியிட்டது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையில், நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி பெண்களுக்குச் சுமார் 11 வயதிலும், ஆண்களுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சத்தை அடைகிறது. பிறகு அது குறையத் தொடங்குகிறது. அதாவது, பதின்வயதில் மூளையின் இந்தப் பகுதி பருப்பதில்லை, மெலிகிறது!

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். கீரை விதைத்தவர்களுக்கு இது புரியும். விதை தூவும்போது நெருக்கமாகத்தான் முளைக்கும். பிறகு இடையில் உள்ளவற்றைக் களைத்து விட்டால்தான் மிச்சம் தேறும். நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகளிலும் இது போன்ற ஒன்று நடக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதிகம் பயன்படும் இணைப்புகள் நிலைக்கின்றன, பயன்படாதவை கழிகின்றன. அதே காலத்தில், நிலைத்து நிற்கும் நரம்பு இழைகளின் மேல் கொழுப்பால் ஆன உறை ஏறுகிறது. ஒயருக்கு மேல் உறை போட்டது போல, செய்தி விரைவாகச் செல்கிறது. இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது.

திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல், பின்விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றில் முன்மூளைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஆசை, பரபரப்பு, பாராட்டு ஆகியவற்றிற்கு எதிர்வினை காட்டும் பகுதிகள் பருவம் அடையும் காலத்திலேயே வேகம் பிடிக்கின்றன. மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது. வால்வை அடைத்துத் திறக்கும் கை இன்னும் பழகவில்லை. அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தது இந்த இடைவெளியில்தான்.

நம் நாட்டில் நடக்கும் ஆய்வு

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதுதானே என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி.

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தை மையமாகக் கொண்டு, இந்தியாவிலும் இத்தகைய ஆய்வு நடந்து வருகிறது. இதன் பெயர் சி-வேதா. நிம்ஹான்ஸ் பேராசிரியர் விவேக் பெனகல், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணியாற்றிய குந்தர் ஷூமன் ஆகியோர் தலைமையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மற்றும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியுடன் தொடங்கியது. 6 வயது முதல் 23 வயது வரையிலான ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டனர். பெங்களூருவில் இரண்டு, மைசூரு, ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி, கொல்கத்தா, சண்டிகர், இம்பால் என ஏழு மையங்கள். நகரம், கிராமம், மலைப்பகுதி எல்லாம் இதில் வருகின்றன. பிள்ளையின் சூழல், உணவு, குடும்பம், பழக்கம் ஆகியவை கேட்டறியப்படுகின்றன. கம்ப்யூட்டரில் சோதனைகள் நடத்தப்படுகின்றன. ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

இந்தக் குழு 2023-ல் வெளியிட்ட முடிவு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. 1,014 பேரின் உடலில் ஆர்சனிக் நச்சு எவ்வளவு உள்ளது என்று சிறுநீரைக் கொண்டு அளந்தார்கள். ஆர்சனிக் கூடுதலாக இருந்தவர்களுக்கு, கவனத்தை நிறுத்துவது, அவசரத்தை அடக்குவது போன்ற திறன்கள் குறைவாக இருந்தன. மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறப் பகுதியின் அளவும் குறைந்திருந்தது. குடிக்கும் தண்ணீரிலும் உண்ணும் உணவிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து வரும் பொருள் அது.

இதை ஏன் சொல்கிறேன்? பிள்ளை படிக்கவில்லை என்றால் உடனே கம்ப்யூட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். மூளை வளர்ச்சியை ஆய்வு செய்பவர்கள் தண்ணீர், உணவு, உறக்கம், வறுமை, வீட்டுச் சண்டை என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 12,000 பிள்ளைகளை 21 மையங்களில் தொடர்ந்து கவனித்து வரும் ஏ.பி.சி.டி. என்ற பெரிய ஆய்விலும், திரை நேரம் மட்டுமே மூளையைக் கெடுக்கிறது என்று ஒற்றை வரியில் யாரும் தீர்ப்பு எழுதிவிடவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல்களை அப்படியே நம்ப வேண்டாம்.

கம்ப்யூட்டர் கேம் வைத்து ஒரு சோதனை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய ஆய்வு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் நடந்தது. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்பவரின் குழு நடத்தியது. 2005-ல் முதல் முடிவு வெளியானது.

மொத்தம் 306 பேர். 13 முதல் 16 வயது வரை ஒரு பிரிவு, 18 முதல் 22 வரை ஒன்று, 24-க்கு மேல் ஒன்று. எல்லோரும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் கேம் ஆடினார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து செல்கிறார்கள் என்பதுதான் கணக்கு. அதிக தூரம் சென்றால் அதிகப் புள்ளி, மோதினால் போயிற்று. சிலர் தனியாக ஆடினார்கள். சிலர் தம் வயது நண்பர்கள் இருவர் அருகில் இருக்க ஆடினார்கள்.

தனியாக ஆடியபோது பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோதுதான் பதின்வயதினரின் துணிச்சல் பெரிதும் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

2011-ல் இதே பல்கலைக்கழகத்தில் அடுத்த சோதனை. இம்முறை 40 பேர், ஸ்கேன் இயந்திரத்திற்குள் படுத்தபடி கார் கேம் ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்து அறையில் இருந்து மானிட்டரில் பார்க்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பதின்வயதினருக்கு மட்டும், நண்பர்கள் பார்க்கும்போது பரிசு, பாராட்டு ஆகியவற்றிற்கு எதிர்வினை காட்டும் மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. துணிச்சலான ஆட்டமும் கூடியது.

இதைப் படித்தபோது அக்கா வீட்டு மாடி அறை நினைவுக்கு வந்தது. நண்பர்கள் வேறு அறையில், வேறு தெருவில் இருக்கிறார்கள். ஹெட்போன் வழியாகக் குரல் கேட்கிறது. எல்லோரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். "இன்னும் ஒரு ஆட்டம்டா" என்கிறார்கள். மணி ஒன்றரை. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் சோதனைக் கூடம் தினமும் கீழ்பென்னாத்தூரில் நடந்து கொண்டிருந்தது. நானும் மாமாவும் அவன் என்ன பார்க்கிறான் என்பதை வேவு பார்த்துக் கொண்டிருந்தோம். யாருடன், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதைப் பார்க்கவில்லை.

எனக்கே நடந்ததுதான் இது. பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு அரசு வழங்கிய இலவச லேப்டாப் கிடைத்தது. 2011-ல் தமிழகத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். தனியாக இருக்கும்போது மிகவும் கவனமாகத்தான் இருப்பேன். ஒரு நாள் நண்பர்கள் நான்கு பேர் சுற்றி நின்று, "தைரியம் இருந்தா அந்த லினக்ஸை அழிடா, இடமாவது மிச்சம் ஆகும்" என்றார்கள். அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று இரண்டு சொற்கள். விண்டோஸும் வரவில்லை. லினக்ஸுடன் இருந்த பூட் லோடரையும் சேர்த்து அழித்துவிட்டேன் என்பது, திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சரி செய்த பிறகுதான் புரிந்தது.

இன்று நான் பார்க்கும் வேலைக்கு அந்தக் கறுப்புத் திரையும் ஒரு காரணம். எனவே இந்த வயதின் துணிச்சல் முழுவதும் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் துணிவு இல்லாவிட்டால் யாரும் எதையும் கற்க முடியாது.

லைக் என்னும் பரிசு

கேம் மட்டும் அல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று. 13 முதல் 18 வயதுள்ள 32 பேரை ஸ்கேன் இயந்திரத்தில் வைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையைக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எத்தனை லைக் விழுந்தது என்று எண் இருந்தது. அந்த எண்களைப் போட்டவர்கள் ஆய்வாளர்களே. தங்கள் படத்திற்கு நிறைய லைக் விழுந்ததைப் பார்த்தபோது, பரிசு கிடைத்தால் இயங்கும் அதே பகுதி இயங்கியது. அடுத்தவர் படத்திற்கு லைக் போடும்போதும், ஏற்கனவே நிறைய லைக் உள்ள படத்திற்கே போட்டார்கள்.

நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் உள்ள பல சேவைகள் இந்த இடத்தைத் தட்டும்படி வடிவமைக்கப்பட்டவை. பிள்ளை பலவீனமானவன் என்பதால் அவன் அங்கே உட்காரவில்லை. எதிரில் இருப்பது வலுவானது.

அரைகுறை மூளையா?

"25 வயது வரை மூளை முழுமை அடையாது" என்ற வரி இப்போது எங்கும் சுற்றுகிறது. அந்த எண்ணில் கதவு மூடித் திறப்பது போல ஒன்றும் நடப்பதில்லை. ஆளுக்கு ஆள், பகுதிக்குப் பகுதி வேறுபாடு உண்டு. மாமாவும் இந்த வரியைப் பிடித்துக் கொண்டார். "அரைகுறை மூளைன்னு படிச்சவங்களே சொல்றாங்க இல்ல? அப்ப அவனுக்கு எதுக்கு மரியாதை?"

நான் ஆய்வுகளைப் படித்தது வேறு விதமாக. பதின்வயதுப் பிள்ளை அமைதியாக, நேரம் எடுத்துக் கொண்டு யோசிக்கும்போது பெரியவர்களுக்குச் சமமாகவே யோசிக்கிறான். பரபரப்பும் நண்பர் கூட்டமும் சேர்ந்தால்தான் தடுமாறுகிறான். அப்படியானால் அவனுக்குத் தேவை ஒற்றன் அல்ல. அமைதியாக இருக்கும் நேரத்தில் அவனோடு உட்கார்ந்து, பரபரப்பான நேரத்திற்கான சட்டத்தை முன்கூட்டியே எழுத ஓர் ஆள் தேவை. பகல் நேரத்து மகன், இரவு நேரத்து மகனுக்குச் சட்டம் எழுத வேண்டும். நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

மறைந்திருந்து பார்த்தால் இது நடக்காது. ரகசியமாகப் பார்த்தவர், பார்த்ததைப் பற்றிப் பேசவும் முடியாது. பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த மன்னிப்புக் கடிதத்தைப் படித்த நான் அவனுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதவனுக்குத் தெரிந்து என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் நடத்தையை நிறுவனங்கள் பின்தொடரக் கூடாது என்கிறது. நிறுவனங்களுக்கு வேண்டாம் என்பதை நாமே இலவசப் புரோகிராம் போட்டுச் செய்கிறோம். அந்தப் படங்கள் வேறு யாருடைய சர்வருக்குப் போகின்றன என்று நான் அன்று யோசிக்கவே இல்லை. இதைத்தான் இன்ஜினியர் என்ற முறையில் வெட்கத்துடன் சொல்கிறேன்.

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. பிள்ளை வளர்க்கறதைப் பத்தி நீ பேசறியா?" என்று மாமா கேட்டார். உண்மைதான். ஆனால் அந்தப் புரோகிராமைப் போட்டவன் நான். எடுக்கச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

என்ன செய்யலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோர் கீழ்க்காண்பவற்றை மேற்கொள்ளலாம்.

1. இடம்: கம்ப்யூட்டரை நடமாட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். திரை வழியில் செல்பவர் கண்ணில் படட்டும். எந்தச் சாப்ட்வேரும் இதற்கு ஈடு இல்லை. செலவும் இல்லை, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும்.

2. தனி அக்கவுண்ட்: எல்லோரும் ஒரே யூசர் பெயரில் நுழையாதீர்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் பிள்ளைக்கு எனத் தனி அக்கவுண்ட் உருவாக்குங்கள். அது ஸ்டாண்டர்ட் வகையாக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் உங்களிடம் இருந்தால், புதிய புரோகிராம்கள் பலவற்றை இன்ஸ்டால் செய்ய உங்களைக் கேட்டாக வேண்டும். கடைக் கணக்குப் பைல்களும் பத்திரமாக இருக்கும்.

3. நேரம்: மைக்ரோசாப்ட் நிறுவனம் பேமிலி சேப்டி என்ற வசதியை இலவசமாகத் தருகிறது. எத்தனை மணி வரை கம்ப்யூட்டர் இயங்கலாம் என்று அதில் அமைத்திடலாம். கூடுதல் நேரம் வேண்டும் என்றால் பிள்ளை அதன் வழியாகவே கேட்கலாம். நீங்கள் அனுமதிக்கலாம் அல்லது மறுக்கலாம். இது ஒளிந்திருக்கும் புரோகிராம் அல்ல. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே அமைத்திடுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறார்கள் உறக்க மருத்துவ வல்லுநர்கள். இந்த வயதில் உறக்கம் வரும் நேரமே இயல்பாகச் சற்றுத் தள்ளிப் போகிறது. எனவே "தூக்கம் வரலை" என்று அவன் சொல்வது எப்போதும் பொய் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் எதிரில் திரை இருந்தால் உறக்கம் இன்னும் தள்ளிப் போகும்.

4. சட்டம்: விதிகளைச் சண்டை நடக்கும்போது போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிற்குப் பிறகு, ஒரு தாளில், அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பாதியை அவன் சொல்லட்டும். இது பதின்வயதுப் பிள்ளைகளுக்கு. எட்டு வயதுக் குழந்தையிடம் உடன்படிக்கை பேச வேண்டியதில்லை. நீங்களே முடிவு செய்யலாம்.

5. பயம் இல்லாமல் சொல்லும் வழி: ஆன்லைனில் யாராவது மிரட்டினாலோ, பணம் போனாலோ, தவறான படம் கேட்டாலோ பிள்ளை முதலில் உங்களிடம் வர வேண்டும். "சொன்னால் கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று நினைத்தால் வரமாட்டான். வந்து சொன்னதற்காகத் தண்டனை இல்லை என்று முன்பே சொல்லி வையுங்கள். பண மோசடி என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கேமை நிறுத்தவே முடியவில்லை, சாப்பாடும் பள்ளியும் விட்டுப் போகின்றன என்ற நிலை வந்தால் அது அடித்துத் திருத்தும் விஷயம் அல்ல. நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் ஷட் என்ற தனிப் பிரிவு இயங்கி வருகிறது. பெங்களூரு செல்ல முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை பெறலாம்.

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிறையாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசுகள் செய்ய வேண்டியவை உண்டு. ஆனால் எந்தச் சட்டமும் மாடி அறைக்குள் வந்து உட்காராது.

தீபத்தன்று

கார்த்திகை தீபத்தன்று ஊருக்குப் போயிருந்தேன். மலையில் தீபம் ஏற்றினால் எங்கள் ஊர் மாடிகளிலிருந்து தெரியும். எல்லோரும் மாடியில் நின்றோம். அக்கா மகனும் வந்து சற்றுத் தள்ளி நின்றான். மாமா எதுவும் பேசவில்லை. நான் அவனிடம், "நான் செஞ்சது தப்புடா. அந்த லெட்டரைக் கூடப் படிச்சுட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன் மாமா. இப்ப பேசறான்" என்றான்.

அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தது. டிவி ஸ்டாண்டின் பாதியை அதற்குக் கொடுத்தார்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஏழு விதிகள் ஒட்டப்பட்டன. பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டர் இல்லை என்பது மூன்றாவது. அது அவனே எழுதியது. பத்து மணிக்கு மேல் அப்பாவின் மொபைலும் ஹாலில்தான் இருக்க வேண்டும் என்பது நான்காவது. அதுவும் அவனே எழுதியது. மாமா முணுமுணுத்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அவன் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. மூன்றாவது விதி வாரத்தில் ஒரு நாளாவது மீறப்படுகிறது. ஆனால் போன மாதம் முகம் தெரியாத ஒருவன் கேமில் காயின் தருகிறேன் என்று ஓ.டி.பி. கேட்டபோது, அவன் நேராக எழுந்து போய் அப்பாவிடம் சொன்னான்.

இப்போதும் யாராவது என்னைத் தள்ளி அழைத்துச் சென்று அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பதுண்டு. "பையன் வீட்டில் இருக்கும்போது வருகிறேன். அவனையும் கூப்பிடுங்கள், மூன்று பேரும் சேர்ந்தே உட்காரலாம்" என்று சொல்லிவிடுகிறேன்.